கணக்கில் பிள்ளைகள் இடறும் இடம்

வியாபாரம் செய்கிற நாம் ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்கிறோம். அதில் நஷ்டம் என்று வந்தால், பெருமூச்சு விட்டுவிட்டுப் பேரேட்டை மூடி வைத்துவிடுகிறவர் நம்மில் எவரும் இல்லை. கொள்முதலில் விலை கூடிற்றா, கொடுத்த கடன் நின்றுவிட்டதா, சரக்கு ஈரத்துக்கும் எலிக்கும் போயிற்றா, நிறுவையில் தவறு நேர்ந்ததா என்று சிட்டையைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறோம். நஷ்டம் எவ்வளவு என்பதை ஐந்தொகை சொல்லும். ஓட்டை எங்கே என்பதைச் சொல்லாது. இது நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய விஷயமல்ல.

பிள்ளை கொண்டுவரும் மார்க்கு அட்டையும் ஓர் ஐந்தொகைதான். கணக்குப் பாடத்துக்கு நேரே 38 என்று இருந்தால் நஷ்டம் என்று தெரிகிறது. ஆனால் அங்கே மட்டும் நம்மவர் பலர் சிட்டையைப் புரட்டுவதில்லை. டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். அதன் பிறகும் 41 வந்தால் இரண்டாவது டியூஷன். “இவனுக்குக் கணக்கு வராது, கடைக்குத்தான் லாயக்கு” என்று பத்து வயதிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களும் உண்டு. கணக்கு வராதவன் கடைக்கு எப்படி லாயக்காவான் என்று கேட்டால் அவர்களிடம் பதில் கிடையாது.

கல்வியைப் பற்றிச் செய்யப்படும் ஆராய்ச்சி, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்த வகையில் உதவுகிறது? அரசாங்கத்தின் கொள்கை அதை எப்படிப் பிள்ளையின் மேசை வரை கொண்டு சேர்க்கிறது? இவற்றைப் பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகையால் நம் கண்முன்னே சிங்கப்பூரில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தொடக்கப் பள்ளிக் கணக்குப் பாடம். மலேசியாவில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இதில் பிரயோஜனம் உண்டு. பிள்ளைகள் இடறும் இடம் இரு கரையிலும் ஒன்றே.

1979-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீயின் தலைமையில் அமைந்த குழு கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவில் பெரும்பாலோர் உபாத்தியாயர்கள் அல்லர், பொறியாளர்கள். ஒரு தொழிற்சாலையில் உள்ளே போகும் மூலப்பொருள் எவ்வளவு, வெளியே வரும் பொருள் எவ்வளவு, நடுவில் வீணாவது எவ்வளவு என்று பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தார்கள். அவர்கள் ‘கல்விச் சேதாரம்’ என்று ஒரு வார்த்தையைக் கையாண்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்களும், பள்ளியில் பல ஆண்டுகள் இருந்தும் எதிர்பார்த்த அளவு தேறாதவர்களும் அதில் அடங்குவர். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசாத இரண்டு மொழிகளில் பள்ளியில் படிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு முக்கிய காரணமாக அறிக்கை சுட்டியது. பிள்ளைகளை மனிதராகப் பார்க்காமல் சரக்காகப் பார்த்த அறிக்கை என்று அதைக் குறை கூறியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் சேதாரத்தை மூடி மறைக்காமல் எண்ணிப் பார்த்தார்களே, அந்த மட்டில் அது நல்ல காரியம்.

அதன் விளைவாக 1980-இல் சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டு நிலையம் தொடங்கப்பட்டது. பாடபுத்தகம் எழுதுவதே அதன் முழுநேர வேலை. அங்கே தொடக்கப் பள்ளிக் கணக்குக்கான குழுவை நடத்தியவர் டாக்டர் கோ டெக் ஹோங். (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் துணைப் பிரதமர் வேறு, இவர் வேறு.) இந்தக் குழுவினர் புத்தகம் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார்கள். 1981-இல், தொடக்கநிலை ஒன்று முதல் நான்கு வரை படித்த 17,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எத்தனை மார்க்கு வாங்குகிறார்கள் என்று அறிவதற்காக அல்ல; எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று அறிவதற்காக.

வகுத்தல் கணக்கில் மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தடுமாறினார்கள். அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறொன்று. வாக்கியமாகக் கொடுக்கப்படும் கணக்குகளில் ‘மொத்தம்’, ‘மீதி’ என்பன போன்ற சொற்கள் இருந்தால், இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 87 பேர் சரியாகச் செய்தார்கள். அந்தச் சொற்கள் இல்லாமல் கணக்கைக் கொடுத்தபோது சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு 46 பேர்தான்!

இந்த இரண்டு எண்களையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கூட்டவும் கழிக்கவும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். 87 பேர் செய்து காட்டினார்களே. கணக்கு வராதவர்கள் அல்லர். கூட்டுவதா, கழிப்பதா என்று அவர்கள் கணக்கைப் படித்துத் தீர்மானிக்கவில்லை. ‘மொத்தம்’ என்ற சொல்லைக் கண்டால் கூட்டினார்கள், ‘மீதி’ என்ற சொல்லைக் கண்டால் கழித்தார்கள். சொல் இல்லாதபோது கை நின்றுவிட்டது.

கடைக்காரருக்கு விளங்கும்படி ஓர் உதாரணம் சொல்வோம். காலையில் கடையில் சில மூட்டை அரிசி இருந்தது. பகலில் 15 மூட்டை விற்றது. சாயங்காலம் 27 மூட்டை மீதி இருக்கிறது. காலையில் இருந்தது எத்தனை? சொல்லைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை ‘மீதி’ என்பதைக் கண்டதும் 27-இல் 15-ஐக் கழித்து 12 என்று எழுதிவிடும். காலையில் 12 மூட்டை இருந்த கடையில் பகலில் 15 மூட்டை எப்படி விற்கும் என்று அது யோசிப்பதில்லை. விடை 42 என்பது நமக்கு உடனே தெரிகிறது. ஏனென்றால் நாம் சொல்லைப் பார்க்கவில்லை, மூட்டைகளைப் பார்க்கிறோம். அதுபோலவே, “நேற்று வாங்கினதைவிட 3 கிலோ குறைச்சலாக, 5 கிலோ போதும்” என்று வாடிக்கைக்காரர் சொன்னால், நேற்று வாங்கியது 8 கிலோ என்று நம் கடைப் பையனே சொல்லிவிடுவான். ‘குறைச்சல்’ என்ற சொல்லைக் கேட்டுக் கழித்தால் 2 கிலோ அல்லவா வரும்!

பிள்ளைகளுக்கு இந்தக் குறுக்குவழி எங்கிருந்து வந்தது? பெரியவர்களிடமிருந்துதான். ‘இந்தச் சொல் வந்தால் கூட்டு, அந்தச் சொல் வந்தால் கழி’ என்று சொல்லிக் கொடுப்பது சுலபம். அடுத்த வாரப் பரீட்சையில் மார்க்கும் ஏறும். ஆகவே உபாத்தியாயருக்கும் திருப்தி, தகப்பனாருக்கும் திருப்தி. தவறு இரண்டு ஆண்டுகள் கழித்து, கணக்கு நீளும்போதுதான் வெளியே வரும். கலப்படச் சரக்கை விலை குறைத்து விற்றவன் முதல் மாதம் நன்றாகத்தான் வியாபாரம் செய்வான்.

ஓட்டை தெரிந்துவிட்டது. அடைத்தது எப்படி?

அமெரிக்காவில் ஜெரோம் புரூனர் என்ற உளநூல் அறிஞர் 1960-களில் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். மனிதன் ஒன்றை முதலில் கையால் செய்து அறிகிறான், பிறகு படமாக மனத்தில் வைக்கிறான், பிறகே எழுத்தாகவும் குறியாகவும் கையாளுகிறான் என்பது அது. சிங்கப்பூரின் புதிய பாடபுத்தகங்கள் இந்த வரிசையைப் பின்பற்றின. ஐந்தும் மூன்றும் எட்டு என்று எழுதுவதற்கு முன்னால் பிள்ளை ஐந்து கட்டையையும் மூன்று கட்டையையும் கையில் எடுத்துச் சேர்த்து எண்ணும். அடுத்து அதையே படத்தில் பார்க்கும். கடைசியாகத்தான் எண்ணும் குறியும். பெரிய வகுப்புகளில் கட்டைக்குப் பதிலாக நீண்ட கட்டங்கள் வந்தன. பிள்ளைகளின் புத்தகத்தில் நாம் காண்கிற, “என்ன இது, கணக்குப் பாடத்தில் பெட்டி பெட்டியாக வரைகிறான்” என்று நம்மவர் சிரிக்கிற, அந்தக் கட்டங்கள்தாம்.

சிரிப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சட்டையை 40 வெள்ளிக்கு விற்றோம். கொள்முதல் விலையில் நூற்றுக்கு 25 லாபம் கிடைத்தது. கொள்முதல் விலை என்ன? பத்தில் நான்கு பெரியவர்களாவது 40-இல் 25 சதவிகிதம் 10, ஆகவே 30 வெள்ளி என்று சொல்லக்கூடும் என்பது நம் அனுமானம். 30 வெள்ளிச் சட்டைக்கு 25 சதவிகித லாபம் ஏழரை வெள்ளி. விற்ற விலை முப்பத்தேழரை ஆகிவிடும். கணக்கு உதைக்கிறது. இப்போது கட்டம் போடுவோம். கொள்முதல் விலையை ஒரு நீளக் கட்டமாக வரைந்து நான்கு சம பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கும் 25 சதவிகிதம். லாபம் அதே அளவில் இன்னொரு பங்கு. அதைப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஐந்து பங்கு சேர்ந்து 40 வெள்ளி. ஒரு பங்கு 8 வெள்ளி. கொள்முதல் நான்கு பங்கு, 32 வெள்ளி. எந்தச் சூத்திரமும் மனப்பாடம் செய்யவில்லை. எது முழுமை, எது பங்கு என்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கூட்டு வியாபாரக் கணக்கும் அப்படியே. இருவர் சேர்ந்து 8,000 வெள்ளி முதல் போட்டார்கள், ஒருவர் மற்றவரைப்போல் மூன்று மடங்கு போட்டார் என்றால், ஒருவருக்கு ஒரு கட்டம், மற்றவருக்கு மூன்று கட்டம். நான்கு கட்டம் 8,000 என்றால் ஒரு கட்டம் 2,000. சிறியவர் 2,000 வெள்ளி, பெரியவர் 6,000 வெள்ளி. பத்து வயதுப் பிள்ளை, எழுத்துக் கணிதம் படிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுகிறது. பின்னால் உயர்நிலைப் பள்ளியில் அந்தக் கட்டத்தின் மேல் ஓர் எழுத்தைப் போட்டால் அதுவே எழுத்துக் கணிதம்.

நம்மவர் சிலர் வீட்டில் பிள்ளையிடமிருந்து பென்சிலைப் பிடுங்கி, “இதெல்லாம் வேண்டாம், நான் காட்டுகிறேன் பார்” என்று தமக்குத் தெரிந்த குறுக்குவழியைப் போட்டுக் காட்டுகிறார்கள். விடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை பார்க்க வேண்டிய இடத்தில் திரை போட்டாயிற்று. கட்டம் வரையத் தெரியாத தகப்பனார் அதைப் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை; பிள்ளைக்கு ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த பெருமையும் சேரும்.

இப்படிச் சொல்வதால் மனப்பாடத்தை நாம் பழிப்பதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். மத்ரசாவில் ஓதியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஹஜ்ரத்மார்கள் புதிய பாடம் கொடுப்பதற்கு முன் பழைய பாடத்தை ஏட்டைப் பாராமல் ஒப்புவிக்கச் சொல்வார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்துவிட்டுப் புத்தகம் பாராமல் நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்களுக்கே அதிகம் தங்கியிருந்தது. நம் ஹஜ்ரத்மார்கள் ஆராய்ச்சிச் சாலை இல்லாமலே கண்ட முறை! வாய்பாடு மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கின் பொருளைப் பற்றி யோசிக்க மனத்தில் இடம் இராது. வாய்பாடு மனப்பாடம், எந்தக் கணக்குக்கு எது என்ற தீர்மானம் மனப்பாடம் ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாட்டின் கணக்குக்குத் திரும்புவோம். 1995-இல் பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே விதமான கணக்கும் அறிவியலும் கொடுத்துச் சோதித்த டிம்ஸ் என்ற ஆய்வில், நான்காம் வகுப்புக் கணக்கிலும் எட்டாம் வகுப்புக் கணக்கிலும் சிங்கப்பூர் முதலாவதாக வந்தது. 2022-ஆம் ஆண்டின் பீசா ஆய்வில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கணக்கு, வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் முதலிடம் பெற்றார்கள். அமெரிக்கப் பள்ளிகள் சில சிங்கப்பூரின் கணக்குப் புத்தகத்தைத் தருவித்துக் கற்பித்தன. நமக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் கட்டம் வரைந்ததாலேயே இவ்வளவும் வந்தது என்று சொன்னால் அது வியாபாரி தன் சரக்கைப் புகழ்வது போலாகும். ஓட்டையைக் கண்டார்கள், அதற்கேற்ற புத்தகம் எழுதினார்கள், எழுதியதை வகுப்பில் பார்த்துத் திருத்தினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர்களைப் பழக்கினார்கள். ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெறலாம் என்ற ஏற்பாடு சிங்கப்பூரில் செய்யப்பட்டது. வீட்டில் பெற்றோர் கட்டும் டியூஷன் பணத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைக்க முடியாது.

கண்டுபிடிப்பு நல்லதாக இருந்தும் கொண்டுசேர்த்த விதத்தால் கெட்டதற்கு ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஓர் ஆய்வு நடந்தது. 79 பள்ளிகளில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரித்து, சில வகுப்புகளில் 13 முதல் 17 பிள்ளைகளையும், மற்றவற்றில் 22 முதல் 25 பிள்ளைகளையும் வைத்தார்கள். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதல். இதைக் கண்ட கலிபோர்னியா மாநிலம் 1996-இல் சிறிய வகுப்புகளில் இருபது பேருக்குமேல் வேண்டாம் என்று அவசரமாகப் பணத்தைக் கொட்டியது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான புதிய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். தகுதி பெறாதவர்களும் வகுப்புக்குள் வந்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளிலிருந்து நல்ல ஆசிரியர்கள் வசதியான பகுதிக்குப் பெயர்ந்தார்கள். டென்னசியில் கண்ட பலனை அங்கே தெளிவாகக் காண முடியவில்லை. சரக்கு ஒன்றே, கப்பலில் ஏற்றிய விதம் வேறு.

சிங்கப்பூரிலும் கொள்கை எல்லாம் கோணலின்றி நடந்ததாகச் சொல்ல மாட்டோம். அதே 1979-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தரம் பிரித்த முறை. அக்காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த இடைநிற்றல் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியதற்கு அம்முறை உதவியது என்று 2019-இல் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். ஆனால் அதே உரையில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் தரம் பிரிப்பது எடுக்கப்படும் என்றும் அறிவித்தார். ‘நார்மல்’ என்ற முத்திரை பிள்ளையின் மனத்தில் என்ன செய்தது என்பதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் அந்தப் பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் அவரவர் சக்திக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். கணக்கில் வல்லவன் ஆங்கிலத்தில் பின்தங்கியதற்காகக் கணக்கிலும் கீழே உட்கார வேண்டியதில்லை. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சிறிய காரியமல்ல.

மொழி என்றதும் நம் வீட்டு விஷயத்துக்கு வந்துவிட்டோம். பாடம் ஆங்கிலத்தில், வீட்டில் தமிழ், கடையில் தமிழும் மலாயும். கணக்கு வாக்கியமாக வரும்போது பிள்ளை இடறுவது கணக்கிலா, ஆங்கிலத்திலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு சுலபமான வழியை 1977-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் என்ற ஆசிரியை வகுத்துக் கொடுத்தார். கணக்கில் பின்தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்து, தவறாகச் செய்த கணக்கையே மறுபடி கொடுத்து, ஐந்து கேள்விகள் கேட்டார். ஏறத்தாழ பாதித் தவறுகள், கூட்டவோ கழிக்கவோ தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டன என்று கண்டார். சிலர் வாக்கியத்தையே படிக்கவில்லை. சிலர் படித்தார்கள், பொருள் விளங்கவில்லை. சிலருக்குப் பொருள் விளங்கிற்று, எந்த வழி என்று தெரியவில்லை.

அந்த ஐந்து கேள்விகளையும் நம்மில் யாரும் கேட்கலாம். ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமில்லை, கணக்குத் தெரிய வேண்டிய அவசியமும் அதிகம் இல்லை. பிள்ளை தவறு செய்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, “இதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு” என்று சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். படித்து முடித்ததும், “இதில் என்ன கேட்கிறார்கள்? தமிழில் சொல்லு” என்று கேட்க வேண்டும். நம் அனுபவத்தில் மிகுதியான பிள்ளைகள் இங்கேதான் விழிக்கிறார்கள். ‘ஒவ்வொன்றும்’ என்பதையும் ‘எல்லாமும்’ என்பதையும் ஆங்கிலத்தில் வேறுபடுத்தாமல் படித்துவிடுகிறார்கள். தமிழில் சொல்ல வந்துவிட்டால், “சரி, எப்படிச் செய்யப் போகிறாய்? ஏன் அப்படி?” என்று மூன்றாவது கேள்வி. கட்டம் வரைவதானால் இந்த இடத்தில் வரையலாம். “செய்துகாட்டு, செய்கிறபோதே வாயால் சொல்லிக்கொண்டு செய்” என்பது நான்காவது. “விடையை எழுது, எழுதியது கேட்டதற்குப் பதில்தானா?” என்பது ஐந்தாவது. வெள்ளியில் கேட்டதற்கு மூட்டையில் விடை எழுதுகிற பிள்ளை அங்கே அகப்படும்.

நடுவில் நாம் உதவி செய்யக் கூடாது. அது மிகவும் கஷ்டம், நாக்கு துறுதுறுக்கும். டாக்டர் நாடி பார்க்கும்போது பேசுவதில்லை. அதுபோல ஐந்து கேள்வியும் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். இரவு கல்லாவை எண்ணிக் கட்டிய பிறகு ஒரு கணக்குக்கு ஒதுக்கினால் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு போதும். படிக்கிறபோதே இடறுகிற பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் வைத்துப் பயனில்லை. ஆங்கில வாசிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நான்காவது கேள்வியில் விழுகிற பிள்ளைக்கு வாய்பாடு. மாதம் 200 வெள்ளி, 300 வெள்ளி என்று கட்டுவதற்கு முன் எந்தச் சரக்கு வேண்டும் என்று தெரிந்து வாங்குவதல்லவா வியாபாரியின் லட்சணம்!

மார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். சில பிள்ளைகளுக்கு அவர்கள் செய்த வேலைக்கு மார்க்கு மட்டும் கொடுத்தார். சிலருக்கு எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும். சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்கள் முன்னேறவில்லை! மார்க்கைப் பார்த்த கண் குறிப்பைப் பார்க்கவில்லை என்று நாம் பொருள் கொள்கிறோம். இப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் உலகெங்கும் பேசப்பட்டு, கொள்கையிலும் மாறுதல் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு மார்க்கில் சேரும் பரீட்சைகள் இல்லை. 2023-க்குள் தொடக்கப் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுப் பரீட்சை முற்றிலும் எடுக்கப்பட்டது. மலேசியாவில் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-இல் நிறுத்தப்பட்டது. நேரத்தைப் பிள்ளைகள் கற்பதற்குக் கொடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம்மவர் பலர் என்ன செய்கிறார்கள்? பள்ளியில் பரீட்சை இல்லையே என்று கவலைப்பட்டு, டியூஷன் நிலையத்தில் பணம் கட்டிப் பரீட்சை எழுத வைக்கிறார்கள். அரசாங்கம் முன்வாசலில் இறக்கி வைத்த மூட்டையைப் பின்வாசல் வழியாகப் பிள்ளையின் முதுகிலேயே ஏற்றுகிறோம்.

பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு என்று அழைக்கும்போது கடையை விட்டுப் போக முடியவில்லை என்று சொல்லாமல், அரை நாள் ஆளைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அம்மா மட்டும் போனால் போதும் என்பதும் சரியல்ல. அங்கே போய் “என் பிள்ளை எத்தனை மார்க்கு? வகுப்பில் எத்தனையாவது?” என்று கேட்பதோடு எழுந்துவிடாமல், “எந்த வகைக் கணக்கில் தவறு செய்கிறது? படிக்கும்போதா, வழி தேர்ந்தெடுக்கும்போதா, செய்யும்போதா?” என்று கேட்டால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். பத்து நிமிடச் சந்திப்பில் அந்தக் கேள்விக்குத்தான் அவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

போகும்போது கையில் ஒரு நோட்டும் இருந்தால் இன்னும் நல்லது. கடன் பற்று எழுதும் நோட்டைப் போல அதற்கும் மூன்று பத்தி போதும். தேதி ஒரு பத்தி. எந்தக் கணக்கு என்பது ஒரு பத்தி. ஐந்து கேள்விகளில் எத்தனையாவதில் நின்றது என்பது ஒரு பத்தி. இரவுக்கு ஒரு வரி வீதம் ஒரு மாதம் எழுதினால் முப்பது வரி சேரும். அதில் இரண்டு என்ற எண் இருபது தடவை வந்திருந்தால், பிள்ளை எங்கே இடறுகிறது என்பது அந்த நோட்டைத் திறந்த மாத்திரத்தில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.